மேளம் நின்ற வளைவு

என் சத்தக்கார மாமாவுக்கு,

மாடி அறையிலிருந்து உங்கள் மச்சினிச்சி எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே வந்ததில்லை. கீழே நீங்களும் சாந்தி அக்காவும், மேலே நான். நீங்கள் ஒரு குரல் கொடுத்தால் எனக்கு மட்டுமா கேட்கும், தெருக்கோடி டீக்கடை வரைக்கும் கேட்கும். இப்போது நான் குரல் கொடுத்தால் உங்களுக்குக் கேட்குமா என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதை ஒளித்து எழுதவில்லை. பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், ஊர் படிக்கட்டும். நாரைகளால்தான் நீங்கள் செத்தீர்கள் என்று நம் ஊரில் பாதிப் பேர் பேசிக்கொள்கிறார்கள். டீக்கடையில் பேசுகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் பேசுகிறார்கள், நான் வந்தால் நிறுத்திக்கொள்கிறார்கள். அது நாரைகள் செய்த வேலை இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் நான்தான். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் கடையை மூடவில்லை. ‘சாந்தி சவுண்ட் சர்வீஸ்’ பலகை அப்படியே இருக்கிறது, வெயிலில் எழுத்து மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அக்காதான் கடையில் உட்காருகிறாள். குழாய் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பிக் கட்ட வேண்டும், ஜெனரேட்டருக்கு எப்போது டீசல் ஊற்ற வேண்டும், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் உங்களைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறாள். கம்பம் ஏறுகிற வேலைக்கு மட்டும் உங்கள் சிநேகிதர், மேளக்கார ஏழுமலை அண்ணன், ஆள் அனுப்புகிறார்.

ஒரே ஒரு காரியத்தை அவள் செய்வதில்லை. மைக்கை டெஸ்ட் பண்ணுவதில்லை. நீங்கள் அம்மன் கோயிலுக்குக் கட்டினாலும் சரி, சர்ச்சுக்குக் கட்டினாலும் சரி, மற்றவர்களைப் போல ஒன் டூ த்ரீ சொல்ல மாட்டீர்கள். “சாந்தி, கேக்குதா?” என்பீர்கள். ஊர் முழுக்கக் கேட்கும். அக்கா அடுப்படியில் நின்றபடி, “கேக்குது, கேக்குது. மானத்த வாங்காத” என்று முணுமுணுப்பாள். கல்யாணமான புதிதில் வெட்கப்பட்டாள், பிறகு கோபப்பட்டாள். கடைசிக் காலத்தில் அது கேட்கத் தாமதமானால், “இன்னாச்சு இந்த ஆளுக்கு” என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். இப்போது டெஸ்ட் பண்ண வேண்டி வந்தால் மைக்கை வேலைக்கு வந்த ஆளிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

என்னோடு அவள் பேசுவது குறைந்துபோனது. “சோறு இருக்குது.” “மோட்டாரு போட்டுட்டு வா.” “கதவ சாத்து.” அவ்வளவுதான். திட்டவில்லை, குற்றம் சொல்லவில்லை. ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் மாமா. காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகும் வழியில் நம் ஊருக்குத் திரும்புகிற ஏரிக்கரைச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஓடுகிற கால்வாயின் மேல் இருக்கும் குறுகலான பாலத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். பாலத்துக்கு முன்னால் சாலை திடுமென்று வளைகிறது. வளைவின் இரண்டு பக்கமும் பழைய புளியமரங்கள். மழைக்காலம் வந்தால் அந்த மரங்களுக்கு மஞ்சள்மூக்கு நாரைகள் வலசை வரும். கூடு கட்டி, குஞ்சு பொரித்து, வெயில் ஏறும்போது குஞ்சுகளோடு போய்விடும். வளைவை நேராக்க வேண்டுமென்றால் அங்கிருக்கும் மரங்களை வெட்டியாக வேண்டும், கூடு இருக்கிறவரை வெட்ட முடியாது.

கூட்டைக் கலைப்பதும் முட்டையை உடைப்பதும் வேட்டையாடுவதற்குச் சமம் என்று நாட்டில் சட்டம் இருக்கிறது. அதனால் சாலைக்கு அனுமதி கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார்கள். கடைசிக் குஞ்சு பறந்து போகிறவரை அந்த வளைவில் வேலை கூடாது. அது நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். விலங்கியல் படித்துவிட்டுப் பட்டுக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது. கழுத்தில் பைனாகுலரும் மேலே ஆரஞ்சுச் சட்டையுமாக நான் கிளம்பிய முதல் நாள் நீங்கள்தான் எனக்குப் பெயர் வைத்தீர்கள். கொக்கு மேஸ்திரி.

“அது கொக்கு இல்ல மாமா, நார.”

“எதுவா இருந்தா இன்னாமா? அதுங்களுக்கு மேஸ்திரி நீதான?”

அன்று சாயங்காலமே மரத்தடிக்கு வந்து பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தீர்கள். “இன்னாமா இது, முகூர்த்த நாளு மண்டபம் மாதிரி இருக்குது. உக்கார எடம் இல்ல” என்றீர்கள். இந்த நாரைகள் வளர்ந்த பிறகு குரல் எழுப்புவதில்லை, அலகை அலகோடு தட்டித்தான் சத்தம் எழுப்பும் என்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. வெகுநேரம் அண்ணாந்து நின்று கேட்டுவிட்டு, “இம்மாம்பெரிய பறவைக்கு வாய்ஸ் குடுக்கலயே சாமி” என்று நிஜமாகவே வருத்தப்பட்டீர்கள்.

அந்த மரங்களுக்கு அடியில் சத்தம் போடக்கூடாது என்பது இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு முன்பே நம் ஊரில் இருக்கிற வழக்கம். நாரை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்று கண்டு யாரோ ஏற்படுத்தியது. சாமி ஊர்வலமோ, மாப்பிள்ளை அழைப்போ, சாவோ, எதுவானாலும் பறவை உட்கார்ந்திருக்கும் மாதங்களில் முதல் புளியமரம் வந்ததும் மேளம் நிற்கும், பாலம் தாண்டியதும் திரும்ப அடிப்பார்கள். நீங்களும் திருவிழா வண்டியில் வரும்போது அந்த இடத்தில் ஜெனரேட்டரையே அணைத்துவிடுவீர்கள். சத்தத்தை வைத்துப் பிழைக்கிற மனிதர், அங்கே மட்டும் பூனை போல வருவீர்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். கை ஓடவில்லை.

அந்த நிபந்தனையில் இன்னொரு வரியும் இருந்தது மாமா. வேலை நிற்கிற காலத்தில் வளைவில் வேகத்தடை போட வேண்டும், தடுப்பு வைக்க வேண்டும், விளக்கு வைக்க வேண்டும். வெளிச்சம் மரத்தில் ஏறாமல் சாலையில் மட்டும் விழும்படி மூடி போட்ட விளக்கு. செய்ய வேண்டியது ஒப்பந்தக்காரர், செய்தார்களா என்று பார்க்க வேண்டியது நான். தடுப்பு என்று மணல் நிரப்பிய தார் டிரம்களைக் கொண்டுவந்து ஓரத்தில் நிறுத்தினார்கள். விளக்கும் வந்தது. கொஞ்ச நாள் எரிந்தது, பிறகு எரியவில்லை. வேகத்தடை வரவே இல்லை. நான் தினமும் காலையில் அங்கே போய், அண்ணாந்து கூடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். காலையில் போகிறவளுக்கு விளக்கு எரிகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? இப்படி எனக்கு நானே சாக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாக்கு எடுபடவில்லை. ஏனென்றால் நீங்கள் சொன்னீர்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

“கொக்கு மேஸ்திரி, வளைவுல லைட்டு எரியலமா. இருட்டிச்சின்னா அந்த டிரம்மு இருக்கறதே தெரியல” என்றீர்கள்.

“சொல்றேன் மாமா.”

“நீ சொல்லி, அவன் கேட்டு, எப்ப ஆவறது? கடையில டியூப்லைட்டு சும்மாதான் கெடக்குது. நானே கட்டிடறேன். டீக்கடையிலருந்து லைன் இஸ்துக்கலாம்.”

“ஐய, அதெல்லாம் வேணாம் மாமா. இப்பதான் குஞ்சு பொரிச்சிருக்குது. வெளிச்சம் பட்டா மிரண்டுபோய் கூட்ட வுட்டு ஓடிடும். அப்பறம் என்னியதான் கேப்பாங்க.”

“அப்டியா?” என்றீர்கள். “சரிமா. உனக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தீர்கள்.

எனக்குத் தெரிந்துதான் இருந்தது மாமா. மூடி போட்ட விளக்கு போடலாம், போட வேண்டும் என்ற வரியை நான் படித்திருந்தேன். ‘டியூப்லைட்டுக்கு மேல ஒரு தகரத்த வளைச்சுக் கட்டிடுங்க மாமா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே கட்டியிருப்பீர்கள். அந்த மாதிரி வேலை உங்களுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஆனால் வேண்டாம் என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. எல்லோரும் ஏவிக்கொண்டிருந்த பெண் நான், முதன்முதலாக என் பேச்சை வீட்டில் எதிர்க் கேள்வி இல்லாமல் கேட்டார்கள். அந்த ருசியில் நான் விளக்கை மறந்தேன்.

தை முடியப் போகிற சமயம். பக்கத்து ஊர் நிச்சயதார்த்தத்துக்கு ஸ்பீக்கர் கட்டிவிட்டுப் பொழுது சாய்ந்து மொபெட்டில் வந்துகொண்டிருந்தீர்கள். எதிரே லாரி வந்தது. ஒதுங்கினீர்கள். ஒதுங்கிய இடத்தில் அந்த டிரம் இருந்தது. நான் ஓடி வந்தபோது நீங்கள் பின்னால் கட்டி வந்த மிச்ச ஸ்பீக்கர் ஏரிச் சரிவில் உருண்டு கிடந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

உங்களைத் தூக்கிய அன்றைக்கு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் என்ன நினைத்தீர்கள்?

மேளம் அப்படி அடித்தார்கள் மாமா. ஏழுமலை அண்ணன் அழுதுகொண்டே அடித்தார். சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் மேளக்காரர்கள் தாங்களாகவே வந்திருந்தார்கள். பூப்பல்லக்கு தெருவைத் தாண்டி ஏரிக்கரை ஏறியது. சாவுக்குப் பெண்கள் ஏரிக்கரை முனை வரைக்கும்தான் வர வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். அந்த முனை எது? புளியமர வளைவுதான். முதல் மரம் வந்தது. மேளம் தானாக நின்றது. பல்லக்கையும் நிறுத்தினார்கள்.

ஏழுமலை அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“ஏம்மா, இன்னிக்கு ஒரு நாளு அடிச்சிக்கட்டுமா? எங்க ஆளு சத்தத்துலயே பொழச்ச ஆளுமா. பொம்பளங்க திரும்பிப் போற எடம் இது. சாந்தி தங்கச்சி கேக்கட்டும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஊர் வழக்கத்தை மீறலாமா என்று ஊரைக் கேட்கவில்லை அவர், என்னைக் கேட்டார். ஏனென்றால் இப்போது அது என் வேலை. மரத்தில் இறக்கை முளைக்காத குஞ்சுகள். மேளம் இடித்தால் பெரியவை ஒட்டுமொத்தமாக எழும்பும், குஞ்சுகள் கீழே விழும். கீழே விழுந்தால் யாராவது ஃபோனில் படம் எடுப்பார்கள். குஞ்சுகளை நினைத்தேனா, வேலையை நினைத்தேனா? இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று ஆட்டினேன்.

ஏழுமலை அண்ணன் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். என் தோளிலிருந்து அக்காவின் கை எடுபட்டது. உங்களைத் தூக்கிக்கொண்டு அந்த மரங்களின் கீழே நடந்தார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, மேலே நாரைகள் அலகைத் தட்டிக்கொண்டிருந்தன. பாலத்துக்கு அப்பால் மேளம் திரும்ப ஆரம்பித்தபோது நாங்கள் பெண்கள் எல்லோரும் திரும்பி நடந்துகொண்டிருந்தோம்.

கருமாதி முடிந்த கையோடு நான் தகராறு செய்து அந்த வளைவில் விளக்கு போட வைத்தேன். மூடி போட்ட விளக்கு. டிரம்களை எடுக்கச் சொல்லி, மினுங்குகிற பட்டை ஒட்டிய தடுப்பு வைக்கச் சொன்னேன். வேகத்தடையும் வந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே நாள் வேலை. விளக்கை முதலில் போட்ட அந்தச் சாயங்காலம் நான் மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நாரைகூட அசையவில்லை. கழுத்தை இறக்கைக்குள் செருகிக்கொண்டு அவை பாட்டுக்கு இருந்தன. மிரண்டு பறந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இப்படி நினைப்பது தப்பு என்று தெரியும், ஆனாலும் நினைத்தேன்.

ஆகவே ஊருக்குச் சொல்கிறேன். சட்டம் நாரையையும் காப்பாற்றச் சொன்னது, சாலையில் போகிற மனிதரையும் காப்பாற்றச் சொன்னது. பாதியைத்தான் நான் செய்தேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், அதுகளை விட்டுவிடுங்கள்.

இப்போது சித்திரை பிறந்துவிட்டது மாமா. கூடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிவிட்டன. வளைவு மரத்தில், நீங்கள் விழுந்த இடத்துக்கு நேர் மேலே, ஒரே ஒரு கூடு மிச்சம். அதில் ஒரே ஒரு குஞ்சு. மற்றதெல்லாம் பறந்த பிறகும் அது வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. பிந்திப் பொரித்தது.

சைட் மேனேஜர் மரம் அறுக்கிற ஆட்களோடு வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலிருந்து நெருக்கடி.

“ஒரே ஒரு கூடுதானம்மா? பக்குவமா எறக்கி அடுத்த மரத்துல வச்சிடலாம். வைகாசி கருட சேவைக்கு ஜனம் வரும், அதுக்குள்ள இந்த வளைவ முடிச்சாகணும்.”

“அப்படி எறக்கறதுக்கு நமக்கு அனுமதி இல்ல சார். எறக்கி வச்சாலும் தாய் தேடி வராது, செத்துப்போயிடும்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டுலயே ஒரு உயிர் போயிருக்கு. இந்த மரம் சீக்கிரம் போகணும்னு நெனைக்க வேண்டியது நீங்கதாம்மா. கூடு காலின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, யாரும் ஏறிப் பார்க்கப் போறதில்ல.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த மரம் விழுவதைப் பார்க்க எனக்கு ஆசைதான். வாய் வரைக்கும் வந்தது. “நாளைக்குச் சொல்றேன் சார்” என்று சொல்லிவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். அக்கா ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“என்னிய ஏன் கேக்கற?” என்றாள்.

“நீ சொல்றத செய்யறேன்கா.”

“அன்னிக்கு ஏழுமலை அண்ணன் உன்னாண்டதான கேட்டாரு? நீதான தலைய ஆட்டின? என்னிய ஒரு வார்த்த கேட்டியா?” ஒயர் சுற்றுவதை அவள் நிறுத்தவில்லை. “ஊர்ல எல்லார் வூட்டு சாவுக்கும் சத்தம் குடுத்த மனுஷன்டி. அவர அனுப்பறப்ப எனக்கு ஒண்ணுமே கேக்கல. அந்த மூக்கு தட்டற சத்தந்தான் கேட்டுச்சு. இன்னும் கேட்டுக்கினே இருக்குது.”

நான் அழ ஆரம்பித்தேன். விளக்கைப் பற்றி இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று, “அக்கா, லைட்டு...” என்றேன்.

“தெரியும். நான்தான சோறு போட்டுக்கினு இருந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது மாமா. தெரிந்துகொண்டேதான் எனக்குச் சோறு எடுத்து வைத்திருக்கிறாள். என்னைத் திட்டியிருந்தால் நான் எங்காவது போயிருப்பேன். அதற்காகத்தான் திட்டவில்லையோ என்னவோ.

சுற்றிய ஒயரை ஆணியில் மாட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் பாட்டுக்கு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். அந்த வளைவுக்கு அவள் போனது அன்றைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மறுநாள் மேனேஜரிடம் முடியாது என்று சொன்னேன். குஞ்சு பறக்கட்டும் சார், அதுவரைக்கும் வளைவில் கொடி காட்ட ஓர் ஆள் போடுங்கள் என்றேன். அவர் என் மேலதிகாரியிடம் புகார் சொன்னார். டீக்கடையில், சொந்த மாமனைக் கொன்ற மரத்துக்குக் காவல் இருக்கிறாள் பார் என்றார்கள். இரக்கத்தால் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். உங்களைச் சத்தமில்லாமல் அனுப்பியது அந்தக் குஞ்சுகளுக்காக. இப்போது இதையும் நானே சாகக் கொடுத்தால் அன்றைக்கு எதற்காகத் தலையை ஆட்டினேன்? உங்கள் மேளத்தைப் பிடுங்கி யாருக்குக் கொடுத்தேன்?

கொடி காட்டும் ஆள் வருகிறவரை பொழுது சாய்கிற நேரத்தில் நானே சிவப்புத் துணியோடு வளைவில் நின்றேன். அக்கா தினமும் வந்தாள். எனக்குத் துணையாக இல்லை, சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பாள். குஞ்சு தொலைந்ததா என்று பார்க்கத்தான் வந்தாள். தொலையவில்லை என்றதும் அதைத் திட்டத் தொடங்கினாள்.

“இன்னும் தாய் வாய்க்குள்ள தலைய வுட்டுக்கினு கெடக்குது பாரு. எரும.”

அடுத்த நாள், “எறக்கைய விரிக்குது, காத்தடிச்சா மடிச்சிக்குது. சரியான பயந்தாங்கொள்ளி.”

என்னிடம் பேசவில்லை, குஞ்சிடம்தான் பேசினாள். ஆனால் எனக்குக் கேட்கும்படி பேசினாள். ஒரு நாள் நான் பைனாகுலரைக் கழற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். தாய் நாரை மீனைக் கொண்டுவந்து கக்குவதை அவள் அதில் பார்த்தாள். பார்த்துவிட்டு, “இது ஒண்ணுதான் வருது. ஜோடி இன்னா ஆச்சு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை மாமா. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவள் வெகுநேரம் பைனாகுலரை இறக்கவில்லை.

நேற்று அவள் எனக்கு முன்னாலேயே போய் நின்றிருந்தாள். நான் போனதும் சாலையைத் தாண்டி என் பக்கம் வந்தாள்.

“கிளைக்கு வந்து நின்னுச்சு. குதிச்சு அடுத்த கிளைக்குப் போச்சு, திரும்பியும் வந்துடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஆவும். அதுவரைக்கும் மிஷினு எவனும் எடுத்துக்கினு வரக்கூடாது, சொல்லிடு.”

“சொல்லிட்டேன்கா.”

“பறந்த மறுநாளு ஏழுமலை அண்ணன வரச் சொல்லு. மரத்த அறுக்கறதுக்கு முன்னாடி. இங்கியே, இந்த எடத்துல, அன்னிக்கு வுட்டத அடிக்கட்டும்.”

“சரிக்கா. ஸ்பீக்கரும் கட்டலாம். மைக்க டெஸ்ட் பண்ண ஆளு சொல்லிடறேன்.”

“ஆளு எதுக்கு? மைக்க நான் டெஸ்ட் பண்ணிக்கிறேன்.”

சொல்லிவிட்டு என் கையிலிருந்த சிவப்புத் துணியை வாங்கிக்கொண்டாள். வந்துகொண்டிருந்த லாரியை நிறுத்தி, ஒரு பள்ளிக்கூட வேனை முதலில் விட்டாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதவில்லை. அப்படி அவள் சொல்லவும் இல்லை.

அடுத்த மழைக்கு அந்த நாரைகள் திரும்பி வரும் மாமா. வளைவு மரங்கள் இருக்காது. சட்டம் கூட்டைக் குஞ்சு பறக்கும்வரைதான் காக்கிறது, மரத்தைக் காக்கவில்லை. பாலத்துக்கு அப்பால் இருக்கிற மரங்களை விட்டுவைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒப்புக்கொள்வார்கள் போலிருக்கிறது. ஆனாலும் இந்த மரத்தில் பொரித்தது இந்த மரத்தைத்தானே தேடும்? மேலே வட்டமடித்துப் பார்க்கும்போது அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? நீங்களாக இருந்தால், “அட்ஜஸ்ட் பண்ணிக்கும் வுடுமா” என்று சொல்லியிருப்பீர்கள். நீங்கள் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

இது உங்களுக்கு என் வாக்கு. அந்தக் குஞ்சு பறக்கிறவரை மரத்தில் ஒருத்தர் கை படாது. அந்தச் சாலையில் வேலை முடிகிறவரை பொழுது சாயும்போது நான் போய் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன், பார்த்த பிறகுதான் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பேன். மேளம் அடிக்கிற அன்றைக்குக் குழாய் ஸ்பீக்கரை உங்களைப் புதைத்த பக்கம் திருப்பிக் கட்டச் சொல்வேன். ஜெனரேட்டரை நானே போடுவேன்.

முதலில் அக்காவின் குரல் வரும், கேக்குதா என்று. அவள் இத்தனை வருஷம் உங்களுக்கு முணுமுணுத்த பதிலை அன்றைக்கு நீங்கள் அவளுக்குச் சொல்லுங்கள் மாமா.

அன்றைக்கே தகரத்தை வளைத்து விளக்கைக் கட்டச் சொல்லியிருக்க வேண்டிய உங்கள் மச்சினிச்சி,
கொக்கு மேஸ்திரி பூங்கொடி